வெயிலுக்குச் செய்த வண்டி

“வண்டி ஓட்டவே தெரியாத பொண்ணு, வண்டி கம்பெனியில போய் என்னம்மா பண்ணப் போற?”

மெர்சி ஆன்ட்டி இதை என்னிடம் கேட்டது டெக்சாஸில், இர்விங்கில் உள்ள அவர் வீட்டுச் சமையலறையில். அந்த வண்டி கம்பெனியின் முதலாளி அவருடைய கணவர் ஜெயசீலன் அங்கிள்தான். அவர் எனக்கு வேலை கொடுத்து முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆன்ட்டி கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, “நிறுத்தக் கத்துக்கிட்டு வந்திருக்கேன் ஆன்ட்டி, ஓட்டறத அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். போன சனிக்கிழமை, இப்போது நான் இருக்கும் நியூ ஜெர்சியில், ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடை ஒன்றில் மீன் வாங்கப் போனேன். உறைந்த மீன் இருக்கும் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முகத்தில் ஒரு குளிர் அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் ஒரு பெண், “எக்ஸ்க்யூஸ் மீ, வஞ்சிரம் எடுக்கலாமா?” என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் விலகினேன்.

காசிமேட்டில் வளர்ந்தவளுக்கு மீன் வாசனையில் ஊர்தான் ஞாபகம் வரும் என்று நினைப்பீர்கள். காசிமேட்டு மீனில் உப்பும் வெயிலும் படகு டீசலும் சேர்ந்தே இருக்கும். உறைந்த மீனுக்கு இருப்பது பாதி வாசனைதான். மீதியெல்லாம் பனியும் ஈர அட்டையும். அந்தப் பாதி வாசனை எனக்கு டெக்சாஸைத்தான் கொண்டுவரும். அங்கே ஒரு மளிகைக் கடையின் குளிர் அறையில், வஞ்சிரத்துக்கும் பரோட்டா பாக்கெட்டுகளுக்கும் நடுவில், நான் ஒரு பேட்டரியை வைத்திருந்தேன்.

முதலில் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்சார வண்டி செய்கிறோம் என்று ஊருக்கு ஒருவர் கிளம்பிய காலம் அது. பெரிய கம்பெனிகள் எல்லாம் கார் செய்தன. நாங்கள் செய்தது கேட்டரிங்காரர்களும் பூக்கடைக்காரர்களும் ஊருக்குள் சரக்குக் கொண்டுபோகும் சின்ன வேன். ஃப்ரீவே ஓரத்தில், முன்பு தரைவிரிப்பு வைத்திருந்த ஒரு பழைய கிடங்குதான் எங்கள் தொழிற்சாலை. வாசலில் இரண்டு பீக்கன் மரங்கள் நின்றன. அதனால்தான் கம்பெனிக்கு ‘ட்வின் பீக்கன் மோட்டார்ஸ்’ என்று பெயர். இலையுதிர்காலத்தில் தகரக் கூரைமேல் கொட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்தவர்கள் வண்டியில் ஏதோ கழன்று விழுகிறது என்று ஓடிவருவார்கள். நானும் ஓடியிருக்கிறேன்.

என் பதவிக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. அப்பாவிடம் அதைச் சொன்னபோது, “இன்னாமா, ரயில் பேரு மாதிரி இருக்குது” என்றார். செய்த வேலை ஒன்றுதான். வண்டி எங்கே, எப்போது, ஏன் நின்றுபோகும் என்பதை வாங்குகிறவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அப்பா மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று சக்கரம், முன்னால் ஒரு பலகைத் தொட்டி, அதோடு எங்கிருந்தோ பிடுங்கிய ஸ்கூட்டர் எஞ்சின். போலீஸ் பிடித்தால் எஞ்சின் இல்லாததுபோல் மிதித்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்தத் தொட்டியில், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துதான் போனேன். என் யூனிஃபார்மில் மீன் வாசனை என்று பக்கத்தில் உட்கார மறுத்தவர்கள், கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வந்து உட்காருவார்கள். நானும் சொல்லிக்கொடுப்பேன். பெருமைக்குக் குறைச்சல் இல்லை எனக்கு, அப்போதே.

ஜெயசீலன் அங்கிளுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. “உங்க அப்பா மீன்பாடி வண்டி ஓட்டறாரா? மை காட், திஸ் இஸ் அவர் ஸ்டோரிம்மா!” என்றார். அப்பா வண்டியோடு நிற்கும் ஒரு படத்தை என் ஃபோனிலிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு முதலீடு செய்ய யார் வந்தாலும் திரையில் முதல் படம் அதுதான். அடுத்த படத்தில் எங்கள் வேன். பிறகு என்னை எழுந்து நிற்கச் சொல்வார். “அந்த வண்டிக்காரரோட பொண்ணுதான் இந்த வண்டிய டெஸ்ட் பண்றா.” கை தட்டுவார்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். எழுந்து நிற்பதற்காக நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போவேன்.

முதல் வேன் தயாரான நாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள் ஆவேன். பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். அது முடியட்டும் என்று காத்திருந்த பிரகாஷ், நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழத்தை வைத்தான். பிரகாஷ் எங்கள் மென்பொருள்காரன், மதுரைப் பக்கம். அங்கிள் பாஸ்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இருக்கட்டும் பாஸ்டர், பேட்டரி வண்டி, எல்லாரும் வந்து தள்ளட்டும்” என்றார். பாஸ்டரும் சிரித்துவிட்டார். மின்சார வண்டிக்குச் சத்தம் கிடையாது. பழக்கத்தில் எஞ்சின் உறுமுமென்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். பழம் நசுங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பிவிட்டது என்றே தெரிந்தது. மெர்சி ஆன்ட்டி அழுதார். நானும்தான்.

அந்த வேனில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தது பிரகாஷ். “பிரேக்க மிதிம்மா, அது கோலம் இல்ல, மிதிக்காமத் தாண்டிப் போறதுக்கு!” என்று கத்துவான். பேரலல் பார்க்கிங்கில் ஒரு ஆரஞ்சுக் கூம்பை இழுத்துக்கொண்டே போய் லைசன்ஸ் டெஸ்டில் முதல் தடவை ஃபெயில் ஆனேன். வண்டியைச் சோதிக்கிறவள் சோதனையில் தோற்றதைக் கம்பெனியே ஒரு வாரம் கொண்டாடியது.

எங்கள் வண்டியின் பெருமையெல்லாம் அது வெயிலைத் தாங்குவதில் இருந்தது. கிடங்கில் முக்கால்வாசிப் பேர் சென்னை, வேலூர், மதுரை. டெக்சாஸ் ஆகஸ்டில் மற்றவர்களின் பேட்டரி கொதித்து நின்றபோது எங்கள் வேன் ஏசியோடு ஓடியது. குளிர்விக்கும் குழாய்களை அங்கிளே வரைந்திருந்தார். பிரமாதமான வேலை, இன்றைக்கும் சொல்வேன். “வெயில்னா என்னன்னு நமக்குத்தாம்மா தெரியும். இந்த ஊர்க்காரனுக்கு என்ன தெரியும்?” என்பார். நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம். வெயிலில் பிறந்து வளர்ந்த அத்தனை பேர் ஒரு கூரைக்கு அடியில் கூடியதால் வந்த வினை இது: குளிர் என்று ஒன்று இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. பேட்டரிக்குள் சூடேற்றும் கருவியே கிடையாது.

பேட்டரி கடுங்குளிரில் சும்மா இருந்தால் பிழைத்துக்கொள்ளும். உறையும் குளிரில் அதற்குள் மின்சாரத்தைத் திணித்தால் உள்ளுக்குள் கெட்டுப்போகும். பிறகு வெயில் வந்தாலும் திரும்பாது. இது புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் பேட்டரிக்கு என்ன ஆகும் என்று நேரில் பார்க்க வேண்டும். குளிர் அறை வாங்க அங்கிள் சம்மதிக்கவில்லை. அதனால்தான் மளிகைக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். “மீன் மேல கரண்ட் அடிக்காதே?” என்று மட்டும் கேட்டார். கதவிடுக்கில் ஒயரை விட்டு, ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வஞ்சிரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று சார்ஜிலேயே பேட்டரி கால்வாசி செத்துப்போனது. அன்று ஆபீசுக்குள் நுழைந்தபோது பிரகாஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னம்மா, வலை வீசிட்டு வர்றியா?” என்றான். பள்ளிக்கூடத்தில் வந்த கோபம் அன்று வரவில்லை. கையில் முடிவு இருந்தது.

அங்கிள் பொறுமையாகக் கேட்டார். “டெக்சாஸ்ல எத்தனை நாள்மா குளிரு? ஹீட்டர் போட்டா வெயிட் ஏறும், ரேஞ்ச் குறையும். அடுத்த மாடல்ல பாப்போம்.”

“சரி அங்கிள். அதுவரைக்கும் குளிர்ல சார்ஜ் ஏறாம ஒரு லாக்காவது போடலாம்.”

அதற்குச் சம்மதித்தார். பிரகாஷ் ஒரே நாளில் எழுதிவிட்டான். அன்று மெர்சி ஆன்ட்டி அனுப்பிய சாப்பாட்டை நான் ரசித்துச் சாப்பிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் முதலீட்டாளர்கள் சிலர் வண்டியைப் பார்க்க வந்தார்கள். விடிந்ததிலிருந்து கடுங்குளிர். அங்கிள் அவர்கள் கண்முன்னால் சார்ஜரைச் சொருகினார். வேனில் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை. மறுபடி சொருகினார். மறுபடி சிவப்பு. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். என் லாக் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தது. அங்கிளின் காது மடல்கள் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு, எல்லோரும் நிற்கும்போதே சொன்னார். “பிரகாஷ், அந்த லாக்கை ரிமூவ் பண்ணிடு.”

“அங்கிள், அது ரிப்பேர் இல்ல. கரெக்டா வேலை செஞ்சிருக்கு.”

“அது உனக்குத் தெரியும்மா. பாக்கறவனுக்கு வண்டி செத்துப்போச்சுன்னுதான் தெரியும்.”

“லாக் இல்லாம வெளிய போற வண்டிக்கு நான் ஓகே சொல்லமாட்டேன்.”

“நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கறேன்.” பிறகு கொஞ்சம் இறங்கி, “படிச்ச பொண்ணு, நாலு பேர் முன்னாடி இப்படியா பேசுவ?” என்றார்.

பிரகாஷுக்கு கிரீன் கார்டு பாதி வழியில் இருந்தது. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அங்கிள். லாக்கை எடுத்துவிட்டான்.

அடுத்த ஒரு வருடம் எங்களுக்கு ஏறுமுகம். எங்கே பார்த்தாலும் எங்கள் வேன். லாஸ் கொலினாஸ் ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் குகன் அண்ணாதான் எங்கள் முதல் வாடிக்கையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். இடியாப்பமும் சொதியும் வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு இலவசம். நியூ ஜெர்சியில் ஒரு கிளை திறப்பது பற்றி அங்கிள் பேச ஆரம்பித்தார். நியூ ஜெர்சியில்! பனி கொட்டுகிற ஊரில்! நான் மறுபடி ஹீட்டர் பேச்சை எடுத்தபோது, “ஆரம்பிச்சிட்டியா” என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அந்த பிப்ரவரி வந்தது. ஒரு வாரம் சாலையெல்லாம் கண்ணாடி. பீக்கன் மரத்தின் கிளைகள் ஐஸ் பாரத்தில் முறிந்து கூரைமேல் விழுந்தன. ஊரில் அத்தனை வேன்களும் வழக்கம்போல் வாசலில் நின்றபடி சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தன. ஐஸ் உருகிய அன்று காலை குகன் அண்ணா என்னைத்தான் கூப்பிட்டார்.

“பிள்ளை, வண்டி முழுக்க சார்ஜ் எண்டு காட்டுது. தெருமுனை தாண்டேல்லை, நிண்டிட்டுது. சாப்பாடெல்லாம் உள்ளுக்க இருக்கு.”

அது இனி ஓடாது என்றேன். குளிரில் சார்ஜ் ஏறினால் இப்படித்தான் ஆகும் என்றேன்.

“அப்ப உங்களுக்கு முன்னமே தெரியுமோ?”

“தெரியும் அண்ணா.”

“தெரிஞ்சுகொண்டே தந்தனீங்களோ? உங்கட வண்டியை நம்பித்தானே பிள்ளை நான் என்ர பழசை வித்தனான்.”

நான் தடுத்தேன், சண்டை போட்டேன், எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நடுத்தெருவில் ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாட்டோடு நிற்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஃபோனை அவர்தான் வைத்தார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

விழுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியம். வேன்கள் ஒன்றொன்றாக இழுவை வண்டியில் திரும்பி வந்தன. மாற்றிக்கொடுக்கப் பேட்டரி இல்லை. வெயில் வருவதற்குள் கிடங்குக்குப் பூட்டுப் போட்டாயிற்று. வாரம் தவறாமல் அப்பா ஃபோனில் கேட்கும் முதல் கேள்வி, “வண்டி ஓடுதா?” அன்று இல்லை என்றேன். குளிர் என்றேன். “ஐஸ்ல வெச்சா மீனே கெடாது. வண்டி எப்பிடிமா கெடும்?” என்றார்.

இதுகூட எனக்கு ஆறியிருக்கும். மாதத்துக்கு ஒரு முறை தமிழ் ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் சாப்பாடு இருக்கும். சாமி வேறானாலும் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் நானும் போவேன். தட்டோடு வரிசையில் நிற்கும்போது, எனக்கு முன்னால் யாரோ அங்கிளிடம் கேட்டார்கள், எப்படி இப்படி ஆயிற்று என்று. நான் பின்னால் நிற்பதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

“டெஸ்டிங்ல எக்ஸ்பீரியன்ஸ் பத்தல பிரதர். பாவம், கஷ்டப்பட்ட குடும்பத்துப் பொண்ணு, மீன் வண்டிக்காரர் மகள்னு ஒரு சான்ஸ் குடுத்தேன். குளிருக்கும் டெஸ்ட் பண்ணணும்னு அதுக்குத் தோணல.”

“அங்கிள், நான் டெஸ்ட் பண்ணேன். உங்ககிட்ட சொன்னேன்.” என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. “பிரகாஷ், சொல்லு.”

பிரகாஷ் தன் தட்டில் இருந்த அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தான். மெர்சி ஆன்ட்டி என் தோளைத் தொட்டு, “சாப்பிடற எடத்துல எதுக்கும்மா?” என்றார். வரிசை நகர்ந்தது. எல்லோருக்கும் பசி.

பிறகு இர்விங்கில் நான் போன இடமெல்லாம் அந்தக் கதை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. “நீதானே அந்தப் பொண்ணு?” என்று இரக்கத்தோடு கேட்பார்கள். இரக்கத்தைப் போல எனக்கு எரிச்சல் தருவது வேறில்லை. விசா போய்விடுமோ என்ற பயம் வேறு. நியூ ஜெர்சியில், எடிசனில் ஒரு கன்சல்டன்சி என்னை எடுத்துக்கொண்டது. வங்கி ஒன்றின் செயலியில் பொத்தான்களை அழுத்திப் பார்க்கும் வேலை. சக்கரம் இல்லாத வேலை. மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் அங்கிள் கூப்பிட்டார். குரலில் அதே உற்சாகம். பே ஏரியாவில் புதிதாக ஒரு கம்பெனி, புதிய ஆட்கள்.

“இந்தத் தடவை ஹீட்டர் போட்டாச்சும்மா! உன் ஐடியாதான், நான் மறக்கல. நீ வந்துடு. நீயும் அப்பா ஸ்டோரியும் இருந்தா இன்வெஸ்டர்ஸ் முன்னாடி அது வேற லெவல்.”

“வரேன் அங்கிள். ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு சர்ச் ஹால்ல சொன்னதை, அதே ஹால்ல, அதே ஆளுங்ககிட்ட மாத்திச் சொல்லுங்க.”

“பழசை எதுக்கும்மா கிளறற? எல்லாரும் மறந்துட்டாங்க.”

“நான் மறக்கல.”

“இவ்ளோ ஈகோ ஆகாதும்மா, வளர்ற பொண்ணுக்கு.”

“அப்போ எங்கப்பா ஃபோட்டோவ உங்க ஸ்லைட்லேர்ந்து எடுத்துடுங்க அங்கிள். வெச்சுடறேன்.”

வைத்த பிறகு வந்தது கோபம் என்றுதான் நினைத்தேன். துக்கமும் இருந்திருக்கும். அந்தக் கிடங்கு இப்போது வாடகைக்கு விடும் சேமிப்பு அறைகளாகிவிட்டது. வாசல் மரங்களில் ஒன்றை வெட்டிவிட்டார்களாம். எங்களில் ஆறு பேர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். பிரகாஷ் கனடாவில் இருக்கிறான், பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்புவான், நான் பதில் போடுவதில்லை. குகன் அண்ணா தொழிலை விட்டுவிட்டு மகளோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று தெரியவில்லை. ஓடுகிற நிலையில் எங்கள் வேன் ஒன்றுகூட இன்று எங்கும் இல்லை. வெயிலுக்கு அவ்வளவு அழகாகச் செய்த அந்தக் குழாய்களையும் பழைய இரும்போடு எடுத்துப்போயிருப்பார்கள்.

அங்கிள் கூப்பிடுவதற்கு முன்பே நான் வங்கி வேலைக்கு ராஜினாமா கொடுத்துவிட்டிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நியூ ஜெர்சியின் வடக்கே, மின்சாரப் பள்ளிப் பேருந்து செய்யும் ஒரு சின்ன கம்பெனி. நேர்காணலில் என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, நான் ஒன்று கேட்டேன்: நான் நிறுத்தச் சொன்ன வண்டியை யார் வெளியே விட முடியும்? எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி சற்று யோசித்துவிட்டு, உன்னைத் தவிர யாராலும் முடியாது என்றார். அதை எழுதித் தரச் சொன்னேன். தந்தார்.

இந்தத் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். மஞ்சள் பேருந்து ஒன்றை நானே ஓட்டிக்கொண்டுபோய்க் குளிர் அறைக்குள் நிறுத்தினேன். இரண்டாம் நாளே அதன் ஹீட்டர் பாதியில் நின்றது. நேற்று விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் காபிக் கோப்பையோடு வந்து, பள்ளிக்கூடத்துக்காரர்கள் காத்திருக்கிறார்கள், எப்போது வெளியே வரும் என்று சிரித்தபடி கேட்டார். இன்னும் இல்லை என்றேன். போய் மேலதிகாரியை அழைத்துவந்தார். அவரிடமும் அதையேதான் சொன்னேன்.

பேருந்து உள்ளேதான் நிற்கிறது.